யு.எம்.எல் படமும் ஜாவாவுமா, ஒரே மொழியா?

முதலில் மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யு.எம்.எல் படம் வரைந்து, அப்புறம் ஜாவாவில் நிரல் எழுதுவது நமக்குப் பழகிய வழி. 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட யு.எம்.எல்லின் பெரிய வசதி, நிரல் தெரியாதவரிடமும் படத்தைக் காட்டிப் பேசலாம் என்பது. ஆனால் நிரல் தினமும் மாறும், படம் அப்படியே நிற்கும். 'ஒரு வாடிக்கையாளருக்குப் பல கணக்குகள்' என்பது படத்தில் ஒரே கோடு. ஜாவாவில் அது ஒரு பட்டியல், நாலைந்து மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) என்று சிதறிவிடும்.

மறுபக்கம் ஸ்காண்டிநேவிய மரபு. ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் உருவாக்கிய சிமுலா 67-இல், உலகை விவரிப்பதும் கணினியை இயக்குவதும் ஒரே மொழிதான். 1976-இல் தொடங்கிய பீட்டா மொழி இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது. அதில் கிளாஸ் (ஒரு வகைப் பொருளின் வரையறை), புரொசீஜர் (ஒரு வேலைக்கான படிகள்) என்ற பிரிவே இல்லை, எல்லாம் 'பேட்டர்ன்'.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் 'இன்னர்'. ஜாவாவில் ஒரு கிளாஸிலிருந்து கிளைக்கும் துணை கிளாஸ், மேலே உள்ள மெத்தடை முழுதாக மாற்றி எழுதிவிடலாம். பீட்டாவில் மேல் பேட்டர்ன்தான் முதலில் ஓடும். அது 'இன்னர்' என்று விட்ட இடத்தில் மட்டுமே கீழுள்ளது சேரும். ஆக, 'கணக்கு' என்ற மேல் பேட்டர்னில் சொன்னது அதன் கீழுள்ள சேமிப்புக் கணக்கிலும் உடையாது.

பீட்டாவின் எழுத்துமுறை கண்ணுக்குப் பழகக் கஷ்டம், அது பெரிதாகப் பரவவும் இல்லை. சரி, ஜாவாவிலேயே இருப்பவர்கள் படத்தில் வரும் பெயர்களையாவது கிளாஸ்களுக்கு அப்படியே வைக்கலாம்.