காதை மூடாமல் ஒரு வருடம்: சைக்கிளில் எலும்புவழி ஹெட்ஃபோன்

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வந்தால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சனிக்கிழமைகளில் விடியும் முன் கிளம்பிவிடுவேன். நாலு மணி நேரம் மிதிக்கும்போது துணைக்கு ஒரு குரல் இருந்தால் நன்றாக இருக்கும். அந்தக் குரலை எப்படிக் கேட்பது என்பதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

முதலில் இடது காதில் மட்டும் ஒரு இயர்பட் போட்டு ஓட்டினேன். நம்மை முந்தும் வண்டிகள் வலப்பக்கமாகத்தானே வருகின்றன, வலது காது திறந்திருந்தால் போதும் என்பது என் கணக்கு. கோவளம் அருகே ஒரு நாள் ஹார்ன் சத்தம் கேட்டது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் வந்த தம்பி "அக்கா, ஓரம்! பஸ்ஸு!" என்று கத்தியதால் தப்பித்தேன். ஒரு சத்தம் இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், திசை போய்விடும். அன்றோடு இயர்பட்டை வீட்டில் வைத்துவிட்டேன். பிரான்சில் 2015 ஜூலையிலிருந்து சைக்கிள் ஓட்டுபவர்கள் காதில் இயர்போன் மாட்டக் கூடாது, மாட்டினால் 135 யூரோ அபராதம். முன்பு இதைக் கெடுபிடி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஹேண்டில்பாரில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரையும் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு மீனவர் குப்பங்களைத் தாண்டும்போது அதை அணைக்காமல் போக மனசு வரவில்லை. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வகை இயர்பட்டைத் தோழியிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வேகம் ஏறியதும் அதன் மைக்கில் காற்று மோதி ஒரே இரைச்சல்.

அப்புறம்தான் ஷாக்ஸ் ஓப்பன்ரன் என்ற எலும்புவழி ஹெட்ஃபோனை வாங்கினேன். பத்தாயிரத்துக்கு மேல் ஆனது. எடை 26 கிராம். காது டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பாரே, அதே தத்துவம்தான். காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும் இரண்டு சின்னப் பட்டைகள் அதிர்கின்றன, அந்த அதிர்வு நேராக உட்காதுக்குப் போகிறது. காதுத் துளையில் எதுவும் இல்லை. பின்னால் வரும் ஸ்கூட்டர், நாயின் குரைப்பு, நண்பரின் கூப்பாடு எல்லாம் வந்த திசையிலிருந்தே கேட்கின்றன. எனக்கு இது ஒன்றே போதும்.

பாட்டுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். எந்தக் கம்பெனி செய்தாலும் எலும்பு வழியில் கனமான ஓசை மெலிந்துதான் வரும். கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை துல்லியமாக இருக்கும், கனமாக ஒலிக்கும் இடது முகமான தொப்பி எங்கோ தொலைவில் இருக்கும். அதைப் பிடிக்க வால்யூமை ஏற்றினால் கன்னம் கூசும். பேச்சுக்கு இது அருமை. கதை, உரை, "அடுத்து இடப்புறம் திரும்பவும்" என்று வழி சொல்லும் குரல் எல்லாமே தெளிவு.

எதிர்க்காற்றில் அந்தத் தெளிவும் குறையும். முட்டுக்காடு பாலத்தில் ஒரு வாக்கியம் கூட முழுதாகக் கேட்காது. அப்போது வால்யூமை ஏற்றத் தோன்றும், ஏற்றாதீர்கள். காது திறந்திருப்பதால் கேட்கும் திறனுக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. எந்த வழியாகப் போனாலும் சத்தம் போய்ச் சேருவது அதே உட்காதுதான். நான் பாலம் வந்தால் இடது பட்டையிலுள்ள பட்டனை ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிடுவேன். ஊருக்குள்ளும் அப்படித்தான், அக்கரை தாண்டிய பிறகே போடுவேன். காது திறந்திருந்தாலும் கவனம் கதையில் இருந்தால் பிரயோஜனமில்லை.

மாட்டும் வரிசை முக்கியம்: முதலில் ஹெட்ஃபோன், மேலே ஹெல்மெட் வார், கடைசியாகக் கண்ணாடி. மாற்றிப் போட்டால் பட்டை எலும்பை விட்டு விலகும். மழைக்கோட்டுக் காலர் உயரமாக இருந்தால் கழுத்துக்குப் பின்னால் போகும் வளையத்தைத் தள்ளும். வியர்வை, மழை பற்றிக் கவலையில்லை, ஐபி67 தரம். நவம்பர் மழையில் முழுக்க நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை.

சார்ஜ் 8 மணி நேரம் நிற்கும். சனிக்கிழமைக்கு அது தாராளம், 200 கிலோமீட்டர் பிரெவேவுக்கு, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, போதாது. அங்கே கெடு 13 மணி 30 நிமிடம். டீக்கடையில் உட்காரும் பத்து நிமிடத்தில் பவர்பேங்கில் போட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு வரும். அதற்கென்றே தனி கேபிளைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் 300 போகிறேன், கெடு 20 மணி நேரம். பகல் முழுக்க அணைத்தே வைத்து, சார்ஜை இரவுக்கு மிச்சம் பிடிக்க உத்தேசம். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் கண் சொக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் வரும் லாரியும் கேட்க வேண்டும்.