வாடலுக்கும் அழுகலுக்கும் நடுவே: காய்கறியை எதில் வைப்பது?

ஒரே கட்டுக் கொத்தமல்லியை மூன்று பங்காகப் பிரித்தேன். முதல் பங்கை வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு, வாயை முடிச்சிட்டு, ஃபிரிட்ஜுக்குள் தள்ளினேன். இரண்டாவதை வேர் நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுருட்டி, மூடி இறுகும் டப்பாவில் வைத்தேன். மூன்றாவது, ஒரு டம்ளர் தண்ணீரில் காம்பு மூழ்க நின்றது. இலைகளின் மேல் ஒரு கவரைத் தொப்பி மாதிரி கவிழ்த்திருந்தேன். மூன்றும் ஒரே தட்டில், அக்கம்பக்கமாக.

நாலாம் நாள் முடிச்சை அவிழ்த்தேன். கவரின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளி இலைகள் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தன. நடுவில் இருந்தவை கரும்பச்சைக் கூழாகி விரலோடு வந்தன. துணியில் சுருட்டியது ஒன்பதாம் நாளும் கிள்ளினால் மணந்தது, துணிதான் சற்று நமுத்திருந்தது. டம்ளரில் நின்றது அதற்கும் மேல் இரண்டு நாள் தாங்கியது. ஆனால் அதற்கு நான் பட்ட பாடும் உண்டு: இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன், ஒருமுறை பாலை எடுக்கும் அவசரத்தில் கைபட்டு டம்ளர் கவிழ, கீழ்த்தட்டு வரை துடைத்தேன்.

செடி ஒன்று, குளிர் ஒன்று. தண்ணீர் எங்கே நின்றது என்பதில்தான் வித்தியாசம். சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் இலைக்கு நல்லது. அதே ஈரம் துளியாகி இலைமேல் உட்கார்ந்துவிட்டால் எமன். அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: இது வாடலைத் தடுக்கிறதா, அழுகலைத் தடுக்கிறதா, இல்லை ஒன்றை விரட்டிவிட்டு மற்றதைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறதா?

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை ஆவியாக விடுகிறது. வேர் போய்விட்டதால் இழந்த நீரை ஈடுகட்ட வழியில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். கீரை, காளான், பிராக்கோலி எல்லாம் மூச்சிரைக்கும் ரகம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிதானமாக விடும். ஒன்று நாலு நாளில் போக, இன்னொன்று வாரக்கணக்கில் கிடப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வெளியிலா, ஃபிரிட்ஜிலா?

மூச்சு குறைய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் குளிரில் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வெப்பப் பகுதியில் பிறந்த காய்கனிகளுக்குக் குளிர் ஒரு நோய். வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் ஆகாது: காயாக உள்ளே வைத்தால் பழுப்பதே நின்றுபோய், தோல் சாம்பல் பூத்துவிடும். நன்றாகப் பழுத்தபின் வைத்தால் தோல் கறுக்கும், சதைக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளரிக்கு 10 டிகிரிக்குக் கீழே சில நாள் போனால் மேலே குழிகுழியாகி நீர் விடும். கத்தரிக்காயை வெட்டிப் பார்த்தால் விதைப் பகுதி பழுப்பேறியிருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் வழக்கமாக 4, 5 டிகிரியில் ஓடுகிறது. கீரைக்கும் கேரட்டுக்கும் அது சொர்க்கம். வெள்ளரியையும் கத்தரியையும் இரண்டு மூன்று நாளில் தீர்ப்பதாக இருந்தால் வெளியே நிழலில் வைக்கலாம். அதற்கு மேல் போகுமென்றால் ஃபிரிட்ஜில் குளிர் குறைவான இடம் பார்த்து வைப்பதுதான் சமரசம்.

தக்காளி விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு கட்சிக்கும் கையில் ஆய்வு இருக்கிறது. 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த தக்காளியை வெளியே எடுத்து வைத்த பிறகும் அதன் மணம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டினார்கள். மணம் தரும் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்கள் குளிரில் அடங்கிப்போகின்றனவாம். 2020இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், நன்கு பழுத்த தக்காளியை நான்கு நாள், 7 டிகிரியிலும் 20 டிகிரியிலுமாக வைத்துச் சுவைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குப் படவில்லை. நாள் கணக்கும் குளிரின் அளவும் வேறு. நான் செய்வது இது: பச்சை மாறாததை வெளியே, காம்புப் பக்கம் கீழாகக் கவிழ்த்து வைப்பேன். பழுத்து, தொட்டால் அமுங்கும் நிலைக்கு வந்ததை ஃபிரிட்ஜுக்குள் அனுப்பி, நாலைந்து நாளில் தீர்த்துவிடுவேன். மணம் கொஞ்சம் போனாலும், குப்பைக்குப் போகும் தக்காளியைவிட அது மேல்.

உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறும். பொரித்தால் சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற தீங்கான சேர்மம் கூடும் என்றெல்லாம் சொல்லி ஃபிரிட்ஜே கூடாது என்றார்கள். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023இல் இந்த அறிவுரையை மாற்றிக்கொண்டு, வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றது. இடம் இருப்பவர்கள் வைக்கலாம். நான் இருட்டான அலமாரியிலேயே வைக்கிறேன். கவனிக்க வேண்டியது வெளிச்சத்தைத்தான். அது பட்டுத் தோல் பச்சையாகிவிட்டால் கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடியிருக்கும்.

கவர், துணி, டப்பா

முடிச்சிட்ட கவரின் கதையை மேலே பார்த்தோம். வாடலை அது முழுசாகத் தடுக்கிறது, அதனால்தான் முதல் இரண்டு நாள் நம்பவைக்கிறது. காய் விடும் மூச்சிலிருக்கும் நீராவி வெளியேற வழியில்லாமல் கவரின் குளிர்ந்த சுவரில் துளியாகிறது. வெயிலில் வாங்கி வந்த சூட்டோடு உள்ளே வைத்தால் இன்னும் மோசம். அரைமணி நேரம் பரப்பி, சூடு தணிந்தபின் வைத்தாலே பாதி வியர்வை குறையும். அதே கவரில் பேனா முனையால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டால் கதை மாறுகிறது. பீன்ஸ், குடமிளகாய், காலிஃபிளவர் போன்றவற்றுக்கு இந்த ஓட்டைக் கவரே போதும். தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

காகிதப் பை இதற்கு நேர் எதிர். அழுகலைத் தடுக்கும், வாட விடும். காளானுக்கு மட்டும் அதுதான் சரி, ஏனென்றால் காளான் வாடினாலும் சமைக்கலாம், வழுவழுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜின் காற்று வறண்டது என்பதால் கேரட்டைக் காகிதத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் ரப்பராக வளையும்.

துணியோ டிஷ்யூ பேப்பரோ வைத்த மூடிய டப்பாதான் என் கணக்கில் முதலிடம். டப்பா வாடலைப் பார்த்துக்கொள்கிறது. துணி துளிகளை உறிஞ்சி அழுகலைப் பார்த்துக்கொள்கிறது. துணி நனைந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இடத்தை அடைக்கும் என்பது ஒன்றுதான் குறை. வால்வு வைத்த, வடிகட்டி வைத்த விசேஷ டப்பாக்கள் பல விற்கின்றன. அவற்றில் இரண்டை வாங்கி ஒரு வருடம் புழங்கினேன். அடித்தட்டில் சல்லடை இருந்தது உண்மையிலேயே உதவியது, தண்ணீர் காயைத் தொடாமல் கீழே நின்றது. சாதாரண டப்பாவில் மடித்த துணி அதே வேலையைச் செய்கிறது.

பலர் வீட்டில் தொடாமலே கிடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: காய்கறி ட்ரேயின் விளிம்பில் இருக்கும் சின்ன நகர்த்தி. மூடினால் உள்ளே ஈரம் தங்கும், இலைகளுக்கு ஆகும். திறந்தால் ஈரமும் வாயுவும் வெளியேறும், ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் ஆகும். ஒரே ட்ரேதான் என்றால் மூடி வைத்து, பழங்களை மேல் தட்டுக்கு மாற்றுங்கள்.

கழுவி வைப்பதா, வைத்துக் கழுவுவதா?

வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கழுவி அடுக்கினால் வாரம் முழுக்க வேலை சுலபம். ஆனால் கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் வேலை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீரோடு டப்பாவில் போட்டால், அழுகலுக்கு நாமே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. கீரையை உதறி, துணியில் ஒற்றி, விசிறிக்குக் கீழே பரப்பும் பொறுமை இருந்தால் செய்யலாம். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் முன்கூட்டிக் கழுவவே வேண்டாம். திராட்சையின் மேல் படிந்திருக்கும் அந்த வெண்பூச்சை மருந்து என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. அது பழமே தன் ஈரம் போகாமலிருக்கப் பூசிக்கொண்ட மெழுகு.

அக்கம்பக்கச் சண்டை

1901இல் திமித்ரி நெல்யூபோவ் என்ற ரஷ்ய அறிவியலாளர், விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர்க்கிறது என்று கண்டுபிடித்தார். பழுக்கும் பழம் தானே அந்த வாயுவை விடுகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் நிறுவினார். ஆப்பிளும் பழுத்த வாழையும் இதைத் தாராளமாக விடும். பக்கத்தில் இருக்கும் கேரட் கசக்கும், வெள்ளரியும் பிராக்கோலியும் மஞ்சளாகும்.

தடுக்க மூன்று வழி சொல்கிறார்கள். வாழைச்சீப்பின் காம்பில் பிளாஸ்டிக் சுற்றுவது முதலாவது. வாயு தோல் முழுக்க வெளிவரும்போது காம்பை மட்டும் கட்டிப் பெரிய லாபமில்லை. ட்ரேயில் போட்டு வைக்கும் உறிஞ்சிப் பைகள் அடுத்தது. பலவற்றில் இருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். எத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டே ஊதாவிலிருந்து பழுப்பாக மாறும், முழுக்கப் பழுப்பானால் அதன் ஆயுள் முடிந்தது. வேதியியல் சரிதான். மூடிய பெட்டிகளில் நெடுந்தூரம் போகும் பழத்துக்கு அது அவசியம். நாளைக்கு இருபது தடவை திறக்கும் ஃபிரிட்ஜில் அதன் பங்கு சொற்பம். மூன்றாவது வழி, ஆப்பிளை எடுத்து வேறு தட்டில் வைப்பது. என் ஓட்டு அதற்கே.

வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்பது சரியான அறிவுரை. வெங்காயம் விடும் எத்திலீனால் உருளை முளைக்கிறது என்று அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. வெங்காயம் விடுவது மிகக் குறைவு. பெரிய கிடங்குகளில் உருளை முளைக்காமலிருக்கவே எத்திலீனைச் செலுத்துகிறார்கள். உண்மையான காரணம் ஈரம்: உருளைக்குச் சற்று ஈரக்காற்று வேண்டும், வெங்காயத்துக்கு வறண்ட காற்று. சேர்த்து வைத்தால் வெங்காயம் தோற்கும்.

தண்ணீரில் மூழ்க வைப்பதும் உறைய வைப்பதும்

தோல் சீவிய கேரட் துண்டுகளைத் தண்ணீரில் மூழ்க வைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றினால் மொறுமொறுப்பு அப்படியே நிற்கும். இதைப் பார்த்து அவகாடோவை முழுசாகத் தண்ணீரில் போடும் பழக்கம் இணையத்தில் பரவியது. தோலில் ஒட்டியிருக்கும் லிஸ்டீரியா, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தத் தண்ணீரில் பெருகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பதும் இதே மாதிரி ஆபத்து. காற்றில்லாத இடத்தில், பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

உறையவைப்பது எல்லா முறைகளையும் நாள் கணக்கில் தோற்கடிக்கும். ஆனால் வெளியே வருவது பழைய காய் இல்லை. பனிக்கட்டி செல்சுவரைக் கிழித்துவிடுவதால், உருகியதும் தொளதொளக்கும். பட்டாணி, பீன்ஸ், கீரையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு, உடனே குளிர்நீரில் அலசி, நீர் ஒற்றி வைத்தால் நொதிகள் அடங்கி நிறமும் சுவையும் நிற்கும். வெள்ளரி, முள்ளங்கி வகைகளை முயல வேண்டாம். நான் முயன்றேன், கழுவித் துடைக்கத்தான் நேரம் போனது.

இத்தனை முறைகளோடும் போட்டியிடும் ஒன்றுக்குக் காசே வேண்டாம்: எதை முதலில் சமைப்பது என்ற வரிசை. வாங்கிய இரண்டு நாளுக்குள் கீரையும் காளானும், நடுவில் பீன்ஸும் வெள்ளரியும், கடைசிக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும். எனக்கு முன்பெல்லாம் தலைகீழாகத்தான் நடந்தது. முட்டைக்கோஸை முதல் நாளே தீர்த்துவிட்டு, வார இறுதியில் கீரைக்குப் பாடை கட்டுவேன். இப்போது முட்டைக்கோஸ் ட்ரேயின் அடியில் பேசாமல் கிடக்கிறது. இரண்டு வாரம் கழித்து எடுத்து, வதங்கிய மேல் இலை இரண்டைக் கழற்றினால், உள்ளே கத்தி பட்டதும் சரக்கென்று சத்தம் வருகிறது.