ஒரெகைரு: வழி சொன்னவன் தலையில் என்ன விழுகிறது?

பள்ளியில் ஒரு சங்கம், அதில் இரண்டு மூன்று மாணவர்கள், கதவைத் தட்டி வருகிறவர்களின் பிரச்சினைக்கு வழி சொல்வதுதான் அவர்கள் வேலை. இந்த அமைப்பில் ஜப்பானில் பல அனிமே, அதாவது அனிமேஷன் தொடர்கள், வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஒரு பிரச்சினை, இருபது நிமிடத்தில் தீர்வு, கடைசியில் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அறிவுரை சொல்ல நமக்கு என்ன தகுதி, சொன்ன வழி பலித்த பிறகு சொன்னவன் தலையில் என்ன வந்து விழுகிறது என்று கடைசிவரை விடாமல் கேட்ட தொடர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது ஒரெகைரு. ஜப்பானியப் பெயரின் சுருக்கம் இது, ‘மை டீன் ரொமான்டிக் காமெடி ஸ்னாஃபு’ என்று தேடினாலும் கிடைக்கும்.

வதாரி வதாரு எழுதிய லைட் நாவல் (இளைஞர்களுக்காகப் படங்களோடு வரும் எளிய நாவல்) வரிசை. 2011இல் தொடங்கி, 2019இல் 14ஆம் தொகுதியோடு கதை முடிந்தது. ‘கோனோ லைட் நாவல் கா சுகோய்’ என்ற ஆண்டுத் தரவரிசையில் 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று பதிப்புகளில் முதலிடம் பிடித்தது. அனிமே மூன்று பருவங்கள்: 2013இல் பிரெய்ன்ஸ் பேஸ் நிறுவனம் எடுத்த 13 பகுதிகள், 2015இல் ஃபீல் நிறுவனம் எடுத்த 13, பிறகு 2020இல் மறுபடியும் ஃபீல் எடுத்த 12. கடைசிப் பருவம் ஏப்ரலில் வர வேண்டியது, கொரோனாவால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஆக 38 பகுதிகளில் முழுக்கதையும் முடிந்துவிடும், பாதியில் அந்தரத்தில் நிற்கும் தொடர்களைப் பார்த்து நொந்தவர்களுக்கு இதுவே ஒரு நல்ல செய்தி.

கதை டோக்கியோவுக்குப் பக்கத்துச் சிபாவில் உள்ள சோபு உயர்நிலைப் பள்ளியில் நடக்கிறது. ஹாச்சிமான் என்ற மாணவன், பள்ளி வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், இளமை என்பதே பொய், அதைக் கொண்டாடுகிறவர்கள் எல்லாம் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறவர்கள் என்று எழுதித் தருகிறான். படித்த ஹிரட்சுகா டீச்சர் அவனை இழுத்துக்கொண்டு போய் சேவைச் சங்கம் என்ற ஒன்றில் தள்ளிவிடுகிறார். அங்கே ஏற்கெனவே இருப்பது யுகினோ என்ற ஒரே ஒரு பெண். படிப்பில் முதலிடம், அழகு, வசதியான குடும்பம், ஆனால் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் தாங்க மாட்டார். இவர்கள் இருவரில் யார் அதிகம் பேருக்கு உதவுகிறார்கள் என்று பார்ப்போம், தோற்றவர் ஜெயித்தவர் சொன்னபடி கேட்க வேண்டும் என்று டீச்சர் ஒரு போட்டியையும் வைத்துவிடுகிறார்.

சங்கத்துக்கு ஒரு கொள்கை உண்டு. பசித்தவனுக்கு மீனைக் கொடுக்க மாட்டோம், மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்போம், பிடிப்பது அவன் வேலை. யுகினோ இதை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். கேட்கும்போது ஏதோ சுவரில் ஒட்டும் வாசகம் மாதிரிதான் இருக்கும், ஆனால் தொடர் முழுக்க இந்த ஒரு வரியைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது கடைசிப் பருவம் வரை போனால்தான் புரியும்.

முதலில் உதவி கேட்டு வருபவள் யுயி. ஒருவருக்குக் கொடுக்க குக்கி செய்ய வேண்டும், அவளுக்குச் சமையல் சுத்தமாக வராது. பள்ளிச் சமையலறையில் நடக்கும் அந்தக் காட்சியை நான் யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டுவேன். யுயி சுவைக்காக என்று இன்ஸ்டன்ட் காபித் தூளை மாவில் கொட்டுகிறாள், அடுப்பிலிருந்து வருவது கரித்துண்டு. எனக்கு இதற்கெல்லாம் திறமை இல்லை, இப்போதெல்லாம் யாரும் இப்படிச் செய்வதில்லையே என்று அவள் சமாளிக்க, யுகினோ முகத்தைக்கூட மாற்றாமல், குறைந்தபட்ச முயற்சியும் போடாதவர்களுக்குத் திறமைசாலிகளைப் பார்த்துப் பொறாமைப்படும் உரிமை இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண் அழுவாள் என்று நாம் நினைப்போம், அவளோ இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் பேசும் ஒருத்தியைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறாள். அப்புறம் யுகினோ சொல்லித்தரச் சொல்லித்தர மறுபடி மறுபடி செய்து பார்க்கிறார்கள், அப்போதும் சரியாக வரவில்லை. கடைசியில் ஹாச்சிமான் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, நானே உண்மையான கைப்பக்குவத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லி ஒரு தட்டை நீட்டுகிறான். யுயி கடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்கிறாள். அப்படியா, சரி, தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்கிறான். அவளே தடுக்கிறாள், தூக்கிப் போடும் அளவுக்கு மோசமில்லை என்று. அது அவள் செய்த குக்கிதான்.

ஒருத்தி எப்படியாவது நன்றாகச் செய்ய வைக்கப் பார்க்கிறாள், இன்னொருவன் நன்றாக வர வேண்டிய அவசியமே இல்லை, நமக்காக ஒருத்தி செய்தாள் என்பதே வாங்குகிறவனுக்குப் போதும் என்கிறான். இரண்டும் சரிதான், இரண்டிலும் ஏதோ குறைகிறது. யார் சொன்னது சரி என்று தொடர் நமக்குச் சொல்வதில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது.

சிரிக்க வேண்டுமென்றால் சைமோகுசா வரும் பகுதிகளுக்குப் போங்கள். நீளக் கோட்டு, கையுறை, போர்த்தளபதி மாதிரிப் பேச்சு என்று திரியும் பையன், தான் எழுதிய நாவலின் கட்டைக் கொடுத்துப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்கிறான். யுகினோ இலக்கணத்திலிருந்து ஆரம்பித்து வரிவரியாகப் பிரித்துப் போடுகிறாள், அவன் தரையில் விழுந்து துடிக்கிறான், கடைசி ஆளாக ஹாச்சிமானைக் கெஞ்சலோடு பார்த்தால் அவன் கேட்பது ஒரே கேள்வி, இது எதைப் பார்த்துக் காப்பியடித்தது என்று. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. அவன் எழுந்து நின்று, இவ்வளவு திட்டு வாங்கினாலும் யாரோ படித்தார்களே என்ற சந்தோஷம் இருக்கிறது, அடுத்ததையும் கொண்டுவருவேன் என்கிறான். எதையாவது எழுதி நாலு பேரிடம் காட்டியவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

அமைப்பில் மிகக் கச்சிதமானது, ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பும் சங்கிலி மின்னஞ்சல் விவகாரம். வகுப்பில் மூன்று பையன்களைப் பற்றி அவதூறு மின்னஞ்சல் சுற்றுகிறது. எல்லோருக்கும் பிடித்த ஹயாமா வந்து, யார் செய்தார்கள் என்று தேட வேண்டாம், நின்றால் போதும் என்கிறான். பள்ளியிலிருந்து பணியிடங்களைப் பார்க்கப் போக மூன்று பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும், ஹயாமாவோடு இரண்டு பேருக்குத்தான் இடம், ஒருவன் வெளியே நிற்க வேண்டும், பிரச்சினை அங்கே இருக்கிறது. ஹாச்சிமான் சும்மா உட்கார்ந்து கவனித்து ஒன்றைப் பிடிக்கிறான்: ஹயாமா எழுந்து போனதும் அந்த மூன்று பேரும் பேசுவதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மூவரும் ஹயாமாவின் நண்பர்கள், ஒருவருக்கொருவர் நண்பர்கள் இல்லை. தீர்வு: ஹயாமா விலகிக்கொண்டு அந்த மூவரையே ஒரு குழுவாக விட்டுவிடுவது. குற்றவாளி யார் என்று கடைசிவரை தெரியாது. தனியாகவே இருந்து பழகியவன் கண்ணுக்குத்தான் இப்படி ஒரு விஷயம் படும் என்பதை அலட்டாமல் காட்டியிருக்கிறார்கள்.

இனி வருவதில் கதையின் திருப்பங்கள் உண்டு, புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் கடைசி மூன்று பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

முதல் பருவத்தின் பிற்பாதியில் ஹாச்சிமானின் தீர்வுகள் பயங்கரமாக மாறுகின்றன. கோடை முகாமில் ருமி என்ற சிறுமியைத் தோழிகள் ஒதுக்கிவைக்கிறார்கள். சேர்த்துவைக்க முடியாது என்று தெரிந்ததும், அந்தக் கூட்டத்தையே உடைத்துவிடலாம் என்று முடிவெடுக்கிறான், இரவில் பெரிய பசங்களை ரவுடி வேஷம் போட வைத்து, யாரை விட்டுவிட்டுப் போவது என்று சிறுமிகளையே தேர்வுசெய்ய வைக்கிறான். பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். அடுத்து கலாசார விழா. பொறுப்பைக் கையில் வாங்கிவிட்டு நழுவிக்கொண்டே இருந்த சகாமி, நிறைவு நிகழ்ச்சிக்கு முன் மொட்டை மாடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். நயமாகப் பேசி அவளைக் கீழே கொண்டுவர நேரமில்லை. ஹாச்சிமான் அவளை ஹயாமா, தோழிகள் முன்னாலேயே கேவலமாகப் பேசுகிறான், ஹயாமா அவன் சட்டையைப் பிடிக்கிறான், தோழிகள் சகாமியை அணைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். விழா நடக்கிறது. பள்ளி முழுக்க அவனுக்குக் கெட்ட பெயர். அவன் திட்டமிட்டதும் அதுதான்.

இதை வீரம் என்று கைதட்டிவிட்டு முடித்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ரசிகர்களில் பலர் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், அவன் செய்வதெல்லாம் தியாகம் என்று. தொடர் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு இரண்டாம் பருவத்தின் இரண்டாம் பகுதியே சாட்சி. கியோட்டோ சுற்றுலாவில் தொபே என்பவன் எபினாவிடம் காதலைச் சொல்ல உதவி கேட்கிறான், எபினாவோ அது நடக்காமல் தடுக்கச் சொல்லி ஹாச்சிமானிடம் பூடகமாகக் கேட்கிறாள். விளக்குகள் எரியும் மூங்கில் தோப்பில், தொபே வாயைத் திறப்பதற்குள் ஹாச்சிமான் முந்திக்கொண்டு எபினாவிடம் பொய்யாகக் காதலைச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். எல்லோர் பிரச்சினையும் ஒரே நொடியில் தீர்ந்தது. ஆனால் யுகினோ, உன் வழிமுறை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறாள். யுயி அழுகிறாள், மற்றவர்கள் மனதைப் பற்றியும் கொஞ்சம் நினைத்துப் பார் என்று. தன்னைத்தானே பலி கொடுப்பவன், தன்மேல் அக்கறை உள்ளவர்களையும் சேர்த்தே காயப்படுத்துகிறான் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன பள்ளிக்கதை வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்தச் சங்க அறையில் மூன்று பேரும் எதுவும் நடக்காத மாதிரி பேசிக்கொள்ளும் பகுதிகள் இருக்கின்றன பாருங்கள், அந்தச் செயற்கைச் சிரிப்பு நம்மையே மூச்சுமுட்ட வைக்கும்.

மூன்றாம் பருவத்தில் மீன் கொள்கை யுகினோவையே திருப்பித் தாக்குகிறது. பிரியாவிடை விருந்து நடனத்தை அவள் தனியாக நடத்திக்காட்ட நினைக்கிறாள், அவளுடைய அம்மாவே பெற்றோர் தரப்பிலிருந்து எதிர்க்கிறார். ஹாச்சிமானால் உதவாமல் இருக்க முடியவில்லை, உதவினால் அவள் தன் காலில் நிற்கப் போவதில்லை. அக்கா ஹருனோ இந்த மூவரின் உறவையும் பார்த்து, நீங்கள் ஒருவரை ஒருவர் ஊன்றுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று போட்டு உடைக்கும்போது எனக்கே சுருக்கென்றது.

குறைகள் உண்டு. இரண்டாம் பருவத்திலிருந்து யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள், சில உரையாடல்களைத் திரும்ப ஓட்டிக் கேட்டும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. தங்கை கோமாச்சியை வைத்து வரும் சில நகைச்சுவைகள் எனக்கு ஒவ்வவில்லை. ஹிரட்சுகா டீச்சர் கதையிலேயே மிக அருமையான பெரியவர், பையனிடம் கனிவும் கண்டிப்பும் சரியாகக் காட்டுகிறவர், அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப ஜோக்காக்குவது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் அநியாயம். முதல் பருவத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது முகங்களின் வரைகலை மாறிவிடும், ஓரிரு பகுதியில் பழகிவிடும். நகைச்சுவையும் அங்கிருந்து குறையும், ஆனால் பக்கத்துப் பள்ளியின் தமனாவா வந்தால் கவலையில்லை. கைகளைக் காற்றில் சுழற்றியபடி வின்-வின், பிரெய்ன்ஸ்டார்மிங், லாஜிக்கல் திங்கிங் என்று கிறிஸ்துமஸ் விழாவுக்கான கூட்டங்களில் அவன் அடுக்கிக்கொண்டே போவான், கூட்டம் முடியும், ஒரு முடிவும் எடுத்திருக்க மாட்டார்கள். அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பகுதிகள் அவை.

ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். ஹாச்சிமானுக்கு எகுச்சி தகுயா, யுகினோவுக்கு ஹயாமி சவோரி, யுயிக்கு தோயாமா நாவோ. எகுச்சியின் சோம்பலான அந்த முணுமுணுப்புக் குரலில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது, அதே குரல் இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு முறை உடையும்போது அதற்காகவே இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தார்களோ என்று தோன்றும். சிபாவும் சும்மா பின்னணியாக நிற்கவில்லை, தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் மோனோரயில், கடலோரம், ஹாச்சிமான் எப்போதும் கையில் வைத்திருக்கும் மேக்ஸ் காபி எல்லாம் அந்த ஊரின் அடையாளங்கள். அந்தக் காபி நிஜமாகவே விற்கும் ஒரு டின் காபி, கெட்டிப்பாலின் இனிப்பு தூக்கலாக இருக்கும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? வேகமான கதை, அடிதடி, தெளிவான வில்லன் வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம். பள்ளியிலோ கல்லூரியிலோ ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களைக் கவனித்தே நாளை ஓட்டியவர்கள், நண்பர்கள் எதற்கெடுத்தாலும் யோசனை கேட்டு வரும் இடத்தில் இருப்பவர்கள், இவர்கள் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு பகுதிகள் போதும், குறிப்பாக மூன்றாம் பருவத்தை ஒரே மூச்சில் ஓட்டினால் அந்தச் சுற்றிவளைத்த பேச்சில் தலை சுற்றும். முதல் பருவத்தின் நான்காம் பகுதி, அந்த மின்னஞ்சல் விவகாரம் வரை பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், பிடித்திருந்தால் நாவல்களையும் எடுத்துப் படியுங்கள், ஹாச்சிமானின் மனதுக்குள் ஓடும் புலம்பலில் பாதிக்கு மேல் அனிமேயில் வெட்டியிருக்கிறார்கள், அவன் மற்றவர்களைவிடத் தன்னிடம்தான் அதிகம் பொய் சொல்கிறான் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும்.