சுருட்டில் வண்டு: உறைய வைப்பதா, குளிரில் வைப்பதா?

சுருட்டின் மேலிலையில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டமாக ஓர் ஓட்டை. கையில் எடுத்துத் தட்டினால் பழுப்பு மாவு கொட்டுகிறது. இதைப் பார்த்த பிறகுதான் பலரும் ஃப்ரீசரை நினைத்துக்கொள்கிறோம். எனக்கும் ஒரு பெட்டி முழுக்கப் போன பிறகுதான் புத்தி வந்தது.

புகையிலை வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான். அதைவிடத் தொல்லை அதன் புழு. ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடும். ஒரு முட்டை அரை மில்லிமீட்டர் அளவுதான், இலையோடு இலையாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். பொரிந்த புழு வாரக்கணக்கில் உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியே வரும் வழிதான் அந்த ஓட்டை. ஆக, ஓட்டை தெரியும்போது அடுத்த தலைமுறைக்கான முட்டை பக்கத்துச் சுருட்டில் ஏறியிருக்கலாம். புகையிலை கிடைத்தால்தான் பிழைக்கும் என்றும் இல்லை. மிளகாய்ப்பொடி, காய்ந்த பூ, புத்தகப் பசை எல்லாம் இதற்குச் சாப்பாடு. பழங்கால எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையிலேயே இந்த வண்டின் எச்சம் கிடைத்திருக்கிறது. புகையிலை அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டாத காலம் அது!

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன? பேச்சில் அடிபடுபவை நாலைந்து. போட்டி என்னவோ இரண்டுக்குள்தான்: ஃப்ரீசரில் உறைய வைப்பது, குளிர்பெட்டியில் எப்போதும் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பது.

குளிர்பெட்டிக்காரர்களின் வாதம் எளிது. 30 டிகிரியை ஒட்டிய சூடும் நல்ல ஈரப்பதமும் இந்த வண்டுக்குக் கொண்டாட்டம். 18-க்குக் கீழே போனால் வளர்ச்சி வெகுவாக மந்தமாகிவிடும். சுருட்டுக்கும் அந்தக் குளிர் நல்லதுதான். ஒயின் வைக்கும் குளிர்பெட்டியில் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி, எடுப்பதும் வைப்பதுமாக நிம்மதியாக இருக்கலாம். மேலிலை வெடிக்கும் பயம் இல்லை. ஆனால் குளிர் இங்கே பூட்டுதான், வாள் அல்ல. முட்டையோ புழுவோ சாகாமல் காத்துக் கிடக்கலாம். ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் போகட்டும், அல்லது அந்தச் சுருட்டை இன்னொருவருக்குக் கொடுத்து அவர் வெயில் படும் மேசையில் வைக்கட்டும்; அப்போது கதவு திறந்துகொள்ளும்.

உறைய வைப்பது கொல்லும் வழி. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு பருவத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதுதான் இதன் பலம். பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் பெட்டியை அனுப்புவதற்கு முன்பே உறைய வைக்கிறார்கள். அருங்காட்சியகங்களும் பூச்சி விழுந்த பொருள்களை மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம்போல வைத்து எடுப்பதுண்டு. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 போதும், அது உண்மையிலேயே மைனஸ் 18 ஆக இருந்தால். என்னுடையதில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். மைனஸ் 11-ஐத் தாண்டவில்லை. அதுவும் கதவை ஓயாமல் திறந்து மூடும் வீடு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: மூன்று நாள் வைத்தேன், இருந்தும் ஓட்டை வந்தது என்பார்கள். மரப்பெட்டியோடு வைத்தால் நடுவில் இருக்கும் சுருட்டுக்குக் குளிர் போய்ச் சேரவே நேரமாகும். நாள் கணக்கைப் பெட்டி குளிர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஐந்து நாளுக்குக் குறைத்து நான் எடுப்பதில்லை.

மேலிலை வெடிப்பது பற்றிய பயம் பாதி நியாயம். காய்கறியில் இருப்பதுபோல் சுருட்டில் தண்ணீர் ததும்புவதில்லை. பனிக்கட்டி கிழித்துவிடும் என்பது பெரிதுபடுத்திய பேச்சு. ஆபத்து உறைவதில் இல்லை, அவசரத்தில்தான். முதல் தடவை உறைந்த பையை வெளியே எடுத்ததும் ஆசையாகப் பிரித்தேன். குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்தது. உள்ளே இருந்த இலை அப்படியே இருக்க, மேலிலை மட்டும் ஊறி உப்பியது. நீளவாக்கில் மூன்று வெடிப்பு!

இப்போது செய்வது இப்படி: காற்றைப் பிதுக்கி வெளியேற்றி இரண்டு ஜிப் பைகளுக்குள் பெட்டியை வைப்பேன். ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அப்புறம் ஃப்ரீசர், திரும்ப ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதன்பின் அறையில் ஒரு நாள். பை முழுக்க அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிப்பதே இல்லை. இரண்டாவது பை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரின் காற்று வறண்டது, பக்கத்தில் இருக்கும் மீன் வாசனையையும் புகையிலை உறிஞ்சிவிடும்.

மற்ற வழிகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். கிடங்குகளில் பாஸ்பைன் வாயு விடுகிறார்கள். மனிதரையே கொல்லும் நஞ்சு, வீட்டுக்கு ஆகாது. அதை எதிர்த்து நிற்கும் வண்டினங்களும் உருவாகிவிட்டன. மைக்ரோவேவ் வண்டோடு சேர்த்துச் சுருட்டையும் முடித்துவிடும். தேவதாரு மணம் வண்டை விரட்டும் என்பதை நம்பி அந்த மரத்தில் செய்த பெட்டிக்குள்தான் என் சுருட்டுகள் ஓட்டையாயின. பெண் வண்டின் வாசனை வைத்த ஒட்டுப்பொறி ஆண் வண்டைத்தான் பிடிக்கும். வண்டு நடமாட்டம் இருக்கிறதா என்று அறிய நல்லது, ஒழிக்க உதவாது.

பத்துச் சுருட்டு வைத்திருந்து ஒரு மாதத்தில் தீர்ப்பவருக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அறை குளிர்ச்சியாக இருந்தால் போதும். சுவை முதிர வருடக்கணக்கில் சுருட்டைச் சேமித்து வைப்பவர் என்றால், புதிதாக வரும் எதையும் முதலில் உறைய வைத்து, பிறகு குளிர்பெட்டிக்குள் விட வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால் ஃப்ரீசர் என்பேன். குளிர்பெட்டி வாங்கும் காசு கையில் இருந்தாலும் அதே பதில்தான். ஒரு வாரம் ஃப்ரீசரில் இடம் கொடுக்க வீட்டில் சம்மதிக்க வேண்டும், அது வேறு பஞ்சாயத்து.