செவலைக்கு மூச்சு வாங்கியது: மானூரிலிருந்து இராமையன்பட்டி வரை

இந்தத் தடவை ஊருக்குப் போனது அம்மாவுக்குக் கண் காட்டவும், கோயில் கொடைக்கும்தான். பதினோரு நாள் லீவு. சிங்கப்பூரிலிருந்து மதுரையில் இறங்கி, வேன் பிடித்து மானூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் கிராமத்துக்கு வந்து சேரும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் செவலையைத் தேடினேன். எட்டு மாதப் பூனை, கடுவன், செம்பட்டை நிறம், அதனால்தான் அந்தப் பெயர். வீடியோ காலில் தினமும் அம்மா மடியில் பார்த்த பூனை. அதைக் காணவில்லை.

"ரெண்டு நாளா அரிசி மூட்டைக்குப் பின்னாலதான் கெடக்கு. கருவாடு வச்சாலும் மோந்து பாக்க மாட்டேங்கு" என்றாள் அம்மா.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். படுத்திருக்கவில்லை, குந்தி உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் முட்டி இரண்டும் உடம்பை விட்டு விலகி வெளியே தள்ளியிருந்தன, கழுத்து முன்னால் நீண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே ஒட்டிப் போய் வெளியே வந்தது. தூங்கி விழுகிற மாதிரி தலை தொங்கும், உடனே திடுக்கிட்டு நிமிரும். ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு விட முடியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கப் பல வருஷம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1-இல்தான் அனுமதி வந்தது. அதற்கப்புறம் நானும் ஒன்று எடுத்து வளர்க்கிறேன். அங்கே பூனை டாக்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது மூச்சு எண்ணுவதைத்தான். மார்பு ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒன்று. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதோ தூங்கும்போதோ நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும், 40-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செவலைக்கு 15 வினாடியில் 14 வந்தது. மறுபடி எண்ணினேன், 15. அதாவது நிமிஷத்துக்கு 56, 60.

ஏழு மணி ஆகியிருந்தது. தம்பியும் நானும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கிற நாய், பூனை கிளினிக் எல்லாவற்றையும் கூப்பிட்டோம். இரண்டு எடுக்கவே இல்லை. ஒன்றில் எடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை, நாளைக்குப் பத்து மணிக்கு மேல் வாருங்கள் என்றார். பக்கத்து ஊர் மெடிக்கல் ஷாப்பில் தம்பி போய்க் கேட்டதற்கு, குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப்பை அரை மூடி ஊற்றுங்கள், சரியாகிவிடும் என்று பாட்டிலையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். தம்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். வாங்கி அலமாரி மேல் தட்டில் வைத்தேன். அதில் இருக்கிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம் ஈரல் அதை முறித்து வெளியே அனுப்புகிற மாதிரி பூனையின் ஈரலால் முடியாது, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும், ஈறு பழுப்பாகிவிடும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற பூனைக்கு அதைக் கொடுத்திருந்தால் அன்று ராத்திரியே முடிந்திருக்கும். கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆனால் இது தெரியாமல் எத்தனை வீட்டில் எத்தனை பூனை போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. பூனை வளர்க்கிற யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

1962-க்கும் கூப்பிட்டேன். கால்நடைகளுக்கான இலவச ஆம்புலன்ஸ் எண் அது. பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மூச்சுத் திணறல் என்றால் நேராக இராமையன்பட்டிக்கே கொண்டு போய்விடுங்கள் அக்கா, அங்கே எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்க்கலாம் என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சங்கரன்கோவில் ரோட்டில் திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிதான். 2012-இல் வந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே நினைத்து வைத்திருந்தோம். கால்நடை என்றால் பூனை அதில் சேராது என்று நமக்கு ஒரு எண்ணம்.

ஆனால் அந்த ராத்திரியில் தட்டுவதற்குக் கதவு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, விடிகிற வரைக்கும் சமாளிக்க வேண்டும். அம்மா பரணில் இருந்து பாலாடையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் தம்பிக்கும் மருந்து புகட்டிய அதே பித்தளைப் பாலாடை, மூக்குப் பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். "ஏட்டி, கொஞ்சம் பாலாவது ஊத்துவோம், வயிறு காஞ்சு போய்க் கெடக்கே" என்றாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சு வாங்குகிற பூனைக்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பசியோடு ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் முடியாது. எனக்கும் முடியவில்லை. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு எல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும், அந்தப் பயம் வேறு. ஆனால் அன்றைக்கு மூச்சுதான் முதலில். ஃபேனைப் போட்டு, விளக்கை அணைத்து, தூக்காமல் கொள்ளாமல் விட்டோம். நான் மூட்டைப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எண்ணினேன். 56. 60. 60. 64.

காலையில் அதை எதில் கொண்டு போவது என்று ஒரு பிரச்சினை. பக்கத்து வீட்டு மதினி சாக்கைக் கொண்டுவந்து தந்தார்கள். சாக்கில் கட்டினால் பாதி வழியிலேயே செத்துப்போகும். தக்காளி வருகிற பிளாஸ்டிக் டிரே இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினோம், சுற்றிலும் காற்று வரும், வெளியிலிருந்தே மூச்சைப் பார்க்கலாம். உள்ளே அம்மாவின் பழைய சேலை. தூக்கி வைக்கும்போது பயத்தில் வாயைத் திறந்து மூச்சு விட்டது. நாய் மாதிரி பூனை வாய் திறந்து இளைக்காது, இளைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். என் மணிக்கட்டிலும் நகம் பட்டது. ஆட்டோ அண்ணாச்சியிடம் ஹாரன் அடிக்காமல் போங்கள் என்று சொன்னேன். இராமையன்பட்டி வரைக்கும் ஒரு தரம்கூட அடிக்கவில்லை அவர்.

மருத்துவமனையில் ஒரு கறவை மாடு, நாலைந்து ஆடு, நாய்கள். சீட்டுப் போடுகிற இடத்தில் "பூனைக்கு மூச்சுத் திணறுது" என்று சொன்னதும் வரிசையில் இருந்தவர்களே வழி விட்டார்கள். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த பெரியவர் "நீங்க முன்னால போங்கம்மா" என்று எழுந்துவிட்டார். பயிற்சி டாக்டர் ஒரு பெண், இருபத்து மூன்று இருபத்து நாலு வயதுதான் இருக்கும். பூனையை வெளியே எடுக்கவே இல்லை. டிரே பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. இவர்களுக்குப் பூனையைத் தெரியும் என்று புரிந்தது.

ஸ்டெத்தில் மார்பின் மேல் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கிறது, கீழே ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எக்ஸ்ரேக்குப் படுக்கவைத்து அழுத்தினால் ஆபத்து என்று குந்தியிருந்தபடியே ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. முகத்துக்கு அருகே ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு சின்ன இடத்தில் முடியை மழித்து, விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியை விட்டார்கள். அந்தச் சிரிஞ்சு நிறைவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கலங்கிய மஞ்சள், கூடவே ரத்தம் கலந்த ஒரு நிறம், அடியில் துகள் துகளாக ஏதோ மிதந்தது, நாற்றம் குப்பென்று அடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 130 மில்லி. மூன்று கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு டம்ளர் சீழ்.

நாற்றத்தைக் கண்டு நான் முகம் சுளித்தபோது டாக்டரம்மா "இது நல்ல சேதிதாம்மா" என்றார். அவர் வேறொன்றைப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். இளம் பூனைகளுக்குக் கொரோனா வைரஸில் ஒரு வகை உடம்புக்குள்ளேயே மாறி எஃப்.ஐ.பி. என்ற நோயாக வரும், அதிலும் மார்பிலோ வயிற்றிலோ நீர் சேரும், ஆனால் அந்த நீர் வைக்கோல் நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும், நாறாது. சில வருஷம் முன்னால் வரை அது வந்தால் பிழைக்காது. இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்து இருக்கிறது, வழக்கமாக 84 நாள் கொடுக்க வேண்டும், செலவும் அதிகம். செவலைக்கு வந்தது சீழ் மார்பு. மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்தது. காய்ச்சல் 104. மழித்த இடத்துக்குப் பக்கத்தில் ஆறிப்போன ஒரு பல் தடம். "வேற கடுவன்கூட சண்டை போட்டுச்சா?" என்று கேட்டார். இரண்டு மூன்று வாரம் முன்னால் ராத்திரி ஓட்டு மேல் பெரிய சண்டை என்று அம்மா போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பல் பட்ட இடம் மேலே ஆறிவிட்டது, உள்ளே போன கிருமி மார்பில் தங்கிவிட்டது.

வெளியே வரும்போது 36.

மார்பில் குழாய் வைத்துத் தினமும் கழுவுவதுதான் சிறந்தது என்பதையும் சொன்னார்கள். ஆனால் குழாய் இருந்தால் ராத்திரி பகலாக ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், பூனை பிடுங்கிவிட்டால் மார்புக்குள் காற்று புகுந்துவிடும். இது மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது, நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி எங்களையே முடிவெடுக்கச் சொன்னார்கள். தினமும் கொண்டு வந்து ஊசியில் எடுப்பது, நிற்கவில்லை என்றால் குழாய் என்று முடிவானது. செவ்வாய் 60 மில்லி, புதன் 20, வியாழன் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் மட்டும் ஆறு வாரம், ஒரு வேளைகூட விடக்கூடாது, தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் மறுபடி சேரும். ஊசி, மருந்து, பரிசோதனை, நாலு நாள் ஆட்டோ எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் ரூபாயைத் தொடவில்லை. சிங்கப்பூரில் டாக்டரைப் பார்க்கிற கட்டணத்துக்கே அது போயிருக்கும்.

என் மணிக்கட்டைப் பார்த்து அந்தப் பயிற்சி டாக்டர்தான் அதட்டினார். வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி போடாத பூனை, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள் என்றார். போனேன். ரத்தம் வராத கீறல் என்பதால் தடுப்பூசி மட்டும் போதும் என்றார்கள். 0, 3, 7, 28 என்று நாலு நாள், தோலுக்குள் போடுகிற ஊசி, காசு கிடையாது. சீட்டில் தேதி எல்லாம் எழுதித் தந்தார்கள், கடைசி ஊசியை இங்கே வந்து போட்டுக்கொண்டேன். ஊருக்குப் போகிறவர்கள் இதை அலட்சியம் செய்யாதீர்கள், பூனைக் கீறலில் என்ன இருக்கிறது என்று என் கூடப் பிறந்தவனே சொன்னான்.

எனக்குக் குறை என்று இருப்பது அந்த ஞாயிறு ராத்திரி ஒன்றுதான். ஆளும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, படித்த பிள்ளைகள் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார்கள், ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பூனைக்கு மூச்சு வாங்கினால் தட்டுவதற்கு ஒரு கதவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு பூனை இருக்கிறது, எலிக்காக வளர்த்த காலம் மாதிரி இல்லை, மடியில் வைத்து வளர்க்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது ராத்திரி ஆக்ஸிஜனும் ஒரு டாக்டரும் இருந்தால் போதும். அதைவிடச் சுலபமானது மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு அந்த சிரப் விஷயத்தைச் சொல்வது.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பி சாளை மீன் வாங்கி வந்தான். மூக்குக்கு மணம் எட்டினால்தான் பூனை சாப்பிடும், அதனால் உப்புப் போடாமல் அவித்து, முள் எடுத்து, கைச்சூட்டில் வைத்தோம். செவலை முதலில் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அம்மா விரலில் கொஞ்சம் எடுத்து அதன் மூக்கு நுனியில் தடவினாள். நக்கியது. அப்புறம் அவள் விரலை நக்கியது. அப்புறம் தட்டுக்கு வந்தது. முதல் தரம் அரை மீன்கூட இல்லை, அதற்கே அம்மா வாசலுக்கு ஓடிப்போய் மதினியைக் கூப்பிட்டாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமைதான் போனோம், கொடைக்கும் போய்வந்தோம். கிளம்புவதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தை வைத்து அம்மாவுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தேன். மாத்திரையைத் தம்பி பொடித்து மீனில் பிசைந்து கொடுக்கிறான். ஆறு வாரம் முடிந்து எக்ஸ்ரே நன்றாக இருந்தால் தடுப்பூசி, கொஞ்ச நாள் கழித்துக் குடும்பக் கட்டுப்பாடு, அது செய்தால் ஓட்டு மேல் சண்டைக்குப் போவது குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஐந்தாவது வாரம் ஓடுகிறது. காலையில் அம்மா போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் எண்ணைச் சொல்லிவிடுகிறாள். இன்றைக்கு 24.