வேலைநலனா, படிப்படியாக உயரும் சம்பளமா?

சிங்கப்பூரில் குறைந்த சம்பளக்காரருக்கு யார் கூட்டிக் கொடுப்பது?

வேலைநலன் துணை வருமானத் திட்டத்தில் அரசாங்கம் கொடுக்கிறது. 2025 முதல் வருமான வரம்பு மாதம் 3,000 வெள்ளி. கிடைக்கும் தொகையில் ஊழியருக்கு 40 விழுக்காடு ரொக்கம், மிச்சம் அவருடைய மத்திய சேம நிதிக் (மசே நிதி) கணக்குக்கு. விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் முதலாளி மசே நிதி கட்டாமல் ரொக்கமாகச் சம்பளம் நீட்டினால் இந்தத் தொகை வராது; பலர் கோட்டை விடுவது இங்கேதான். சொந்தத் தொழில் செய்பவர் வருமானத்தை அறிவித்து, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கும் பணம் கட்டவேண்டும். அப்போதும் கைக்கு வருவது 10 விழுக்காடுதான்.

படிப்படியாக உயரும் சம்பள முறை என்பது குறிப்பிட்ட துறைகளில் திறனுக்கேற்ப ஏறும் குறைந்தபட்சச் சம்பளம். இதில் சுமை முதலாளிக்கு, பிறகு மெல்ல வாடிக்கையாளருக்கு. 2014 முதல் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு அது பிணைக்கப்பட்டது. அடிப்படைச் சம்பளமே ஏறுவதால் மசே நிதியும் கூடும். துப்புரவாளருக்கு இதுதான் வலுவானது. இந்தச் சம்பள முறை பொருந்தாத துறைகளுக்கு வேலைநலனே கதி. தகுதி இருந்தால் இரண்டையும் சேர்த்தே பெறலாம்.