பிரிட்டிஷ் நாணய விளையாட்டுப் பெட்டி: வடிவம் நன்று, எடைதான் இல்லை

பிரிட்டனில் செவிலியராகப் பணியாற்றும் என் தங்கை, தன் ஐந்து வயது மகளை விரைவில் அங்கே அழைத்துக்கொள்ள இருப்பதால், அந்நாட்டுக் காசுகளைக் குழந்தைக்குப் பழக்குவதற்கென நாகர்கோவில் கடை ஒன்றில் பிளாஸ்டிக் நாணயப் பெட்டியொன்றை வாங்கினோம். ஒரு பென்னி முதல் இரண்டு பவுண்டு வரை எட்டு வகைகளும் அதில் உள்ளன; அளவும் விளிம்பும் அசலை ஒத்திருப்பதே இதன் பெரிய சிறப்பு.

அளவு பிசகாமல் இருப்பது இங்கே மிகவும் முக்கியம், ஏனெனில் பிரிட்டிஷ் நாணயங்களில் உருவம் பெரிதென்றால் மதிப்பும் பெரிது என்ற கணக்கு செல்லாது. ஐந்து பென்ஸ் (பென்னியின் பன்மையே பென்ஸ்) 18 மி.மீ. விட்டமே கொண்ட, எல்லாவற்றிலும் சிறிய காசு. இரண்டு பென்ஸோ ஏறத்தாழ 26 மி.மீ. இரண்டையும் அருகருகே வைத்தபோது குழந்தை பெரியதைத்தான் எடுத்தாள். ஆகவே முதலில் நிறம், பிறகு விளிம்பு என்று பழக்குவதே நல்லது: செம்பு நிறமென்றால் ஒன்று அல்லது இரண்டு, வெள்ளி நிறத்தில் வட்டமானவை ஐந்தும் பத்தும், ஏழு பக்கம் கொண்டவை இருபதும் ஐம்பதும். எண்ணத் தொடங்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்ததும், விரலால் தடவியே ஏழு பக்கங்களையும் பிழையின்றி எண்ணிவிட்டாள். ஒரு பவுண்டுக்கு நம் இருபது ரூபாய் நாணயம் நல்ல துணை. அதற்கும் பன்னிரண்டு பக்கம்தான், உள்வட்டத்தின் நிறமும் வெளிவளையத்தின் நிறமும் மட்டும் இடம் மாறியிருக்கும்.

பெட்டியில் ஒரு பென்னி முதல் ஐம்பது பென்ஸ் வரை இருப்பவை 2008-இல் வந்த கேடய வடிவங்கள். அவற்றில் மதிப்பு ஆங்கிலச் சொற்களால் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது, இலக்கம் கிடையாது. ஆங்கிலம் வாசிக்கப் பழகாத பிள்ளைக்கு இது பெரும் தடை. 2023-இல் அறிமுகமான, ஐம்பது பென்ஸில் சால்மன் மீனும் ஒரு பவுண்டில் தேனீக்களும் உள்ள வரிசையில் இலக்கங்கள் பெரிதாகவே இருக்கின்றன. இரண்டு வரிசைகளும் அங்கே புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை எடை. அசல் ஒரு பென்னி 3.56 கிராம், இரண்டு பென்ஸ் 7.12 கிராம், அதாவது சரியாக இரு மடங்கு. ஐந்துக்கும் பத்துக்கும் அதே உறவுதான். விடுப்பில் வந்த உறவினரிடம் சில்லறை வாங்கி, விளையாட்டுத் தராசின் ஒரு தட்டில் இரண்டு பென்னிகளையும் மறுதட்டில் ஒரு இரண்டு பென்ஸையும் வைத்தோம். தட்டுகள் சமமாக நின்றதைக் கண்டதும், எவரும் சொல்லாமலேயே அவள் அடுத்து ஐந்தையும் பத்தையும் தேடி எடுத்தாள். பிளாஸ்டிக் காசால் இதைக் கற்பிக்க முடியாது. பெட்டியை வாங்கலாம், ஆனால் கொஞ்சம் அசல் சில்லறையும் கூடவே வேண்டும். ஐந்து பென்ஸ் தொண்டையில் சிக்கும் அளவுடையதாகையால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.